பழமைவாதிகளுக்கு மனநோய்க் குணமா? அந்த ஃபார்வர்டு தவறு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பழமைவாதிகளுக்கு மனநோய்க் குணம் அதிகம், லிபரல்கள் (தாராளவாதிகள்) ஒத்துப்போகிறவர்கள் என்று அமெரிக்க ஆய்வு நிரூபித்துவிட்டது."

ஆய்வு இருப்பது உண்மைதான். 2012-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆனால் தரவைக் குறியிட்டபோது இரு தரப்பும் இடம் மாறிப்போய், முடிவு தலைகீழாகிவிட்டது. 2016-இல் அதே இதழ் திருத்தம் வெளியிட்டது. இதழின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

சரி, அப்போ லிபரல்கள்தான் மோசம் என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். 'மனநோய்க் குணம்' என்று சொல்லப்பட்டதை அளக்க ஆய்வில் பயன்படுத்திய அளவுகோல் நோயை அளப்பதல்ல. இளகாத மனப்போக்கு, துணிந்து இறங்குவது போன்றவற்றைத்தான் அளக்கிறது. குணம்தான் அரசியலை உண்டாக்குகிறது என்பதையே ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. இங்கே தைப்பூசத்தில் துணிந்து காவடி எடுப்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்கா ஓட்டுப் போடுகிறார்கள்?

இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.