பேனரில் இருபத்தேழு பேர்

நவம்பர் மாதத்து ஞாயிறு, விடியற்காலை நாலே முக்கால். வடசென்னையில் ஒரு பங்குக் கோயிலின் பின்கட்டு. இன்றைக்கு இங்கே ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை. அடுப்பருகே ஆயா நிற்கிறார். பிள்ளைகளின் முதல் நன்மை விருந்தோ, திருவிழா அசனமோ, நாற்பது வருடமாக இந்தப் பங்கில் அண்டா ஏற்றுவது அவர்தான். எதிரே இளையோர் இயக்கச் செயலாளர், கல்லூரி இரண்டாம் ஆண்டு. இதற்கு முன் இந்த நேரத்தில் அவன் விழித்திருந்தது ஒரே ஒரு முறை. அன்றைக்குத்தான் பிறந்தான்.

ஆயா: வா நைனா. மீதிப் பேர் எங்கே?

தம்பி: வந்துகொண்டே இருக்கிறார்கள் ஆயா.

ஆயா: எதில்? கனவிலா?

தம்பி: வாட்ஸ்அப்பில் இருபத்தேழு பேரும் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

ஆயா: கட்டைவிரல் மட்டும் வந்தால் ஆகுமா? மீதி நாலு விரலும் வந்தால்தானே அஞ்சு கிலோ சின்ன வெங்காயத்தை உரிக்கலாம்.

தம்பி: வெங்காயம் எதற்கு ஆயா? நாங்கள் சூப் என்றல்லவா முடிவு செய்தோம்?

ஆயா: சூப்பா? ஆட்டுக்காலா, கோழியா?

தம்பி: காய்கறி சூப். வெளிநாட்டில் இந்த மாதிரி இடத்துக்குப் பேரே சூப் கிச்சன்தான். பேனரிலும் அப்படியே அடித்துவிட்டோம்.

ஆயா: ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் புருஷனுக்குத் துணையாக உட்கார்ந்துவிட்டு ஒருத்தி பசியோடு வருவாள். நீ வெந்நீரில் நாலு கேரட்டை மிதக்கவிட்டுக் கப்பில் கொடுப்பாய். "இது சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்பாள். என்ன பதில் சொல்வாய்?

தம்பி: (யோசித்து) சாம்பார் சாதமே போடலாம் ஆயா.

ஆயா: பதினைந்து கிலோ அரிசி, அஞ்சு கிலோ பருப்பு. நூற்றைம்பது பேர் வயிறாரச் சாப்பிடலாம். அது சரி, சூப் கிச்சனுக்கு நம்ம ஊரில் பேர் இல்லையா? கஞ்சித்தொட்டி! ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்?

தம்பி: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. எங்கள் தாத்தா சொல்வார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. (போனைத் தடவுகிறான்) அட, இருக்கிறது ஆயா. 1782. ஹைதர் அலி படையெடுப்பு, ஊரெல்லாம் பஞ்சம். பட்டணத்துக்கு ஓடிவந்த சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரமாம். மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் அது மோனிகர் சவுல்ட்ரி ஆகிவிட்டது. அப்புறம் அங்கே வைத்தியசாலை வந்து, அது வளர்ந்துதான் ஸ்டான்லி.

ஆயா: ஸ்டான்லி யார்?

தம்பி: கவர்னர்.

ஆயா: கஞ்சி காய்ச்சினவன்?

தம்பி: அவன் பேர் இதில் போடவில்லை ஆயா.

ஆயா: பேனர் அடிக்க மறந்திருப்பான். வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போடு, உரிக்கச் சுலபமாக இருக்கும். அந்தப் பேனர் எங்கே, நான் பார்க்கவே இல்லையே?

தம்பி: வாசலில் கட்டியிருக்கிறோம். பத்துக்கு ஆறு. மேலே போப்பாண்டவர், பக்கத்தில் ஆயர், அடுத்து ஃபாதர், கீழே எங்கள் இருபத்தேழு பேர். 'உலக வறியோர் நாள்' என்று தங்க எழுத்து. 2017-இல் போப் பிரான்சிஸ் தொடங்கியது ஆயா. வருடா வருடம் நவம்பரில் வரும்.

ஆயா: வறியோர் எங்கே?

தம்பி: எங்கே என்றால்?

ஆயா: பேனரில்.

தம்பி: இடம் பத்தவில்லை ஆயா. எனக்கே ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. போதாததற்குக் கயிறு கட்டுகிற ஓட்டை சரியாக என் மூக்கில் விழுந்துவிட்டது.

ஆயா: வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போய் அரிசி கொடுக்கிறார்கள். ஒரு நாளாவது பேனர் பார்த்திருக்கிறாயா?

தம்பி: அது தாத்தாக்கள் சபை ஆயா. அவர்களுக்கு ஜெபமாலை முடிந்தால் டீ, டீ முடிந்தால் ஜெபமாலை.

ஆயா: தாத்தாக்கள் சபையா? தொடங்கினவருக்கு என்ன வயது தெரியுமா? இருபது! பாரிசில் காலேஜ் பையன். ஓசானாம் என்று பேர். 1833-இல் கூடப் படித்த பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஏழைகள் வீட்டுக்கு விறகு சுமந்தவர். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் அந்தச் சபையில் இருந்தார். நான் சண்டை போட வாயைத் திறந்தாலே ஓசானாம் கதையை ஆரம்பித்துவிடுவார். எனக்கு மனப்பாடம்.

தம்பி: இருபதா? என் வயதுதான்.

ஆயா: 1997-இல் பாரிசில் உலக இளையோர் மாநாடு நடந்ததே, அப்போதுதான் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஓசானாமுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார், புனிதர் பட்டத்துக்கு முந்தின படி அது. அந்தப் பாப்பரசரை நான் பார்த்திருக்கிறேன். 1986-இல் மெட்ராசுக்கு வந்தார்.

தம்பி: கிட்டத்திலா?

ஆயா: எனக்கும் அவருக்கும் நடுவில் லட்சம் தலை. கை அசைத்தார். எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன். சரி, கரண்டியைப் பிடி, பருப்பைக் கிண்டு. டேய்! எந்தக் கை அது?

தம்பி: இடது கை ஆயா. எனக்கு எல்லாமே இடது கைதான்.

ஆயா: ஐயோ, இந்தக் கையால் பரிமாறினால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வேதத்தில் என்ன சொல்லியிருக்கிறது? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது.

தம்பி: என் விஷயத்தில் வேலை செய்வதே இடது கைதான் ஆயா. அதற்கே தெரியாமல் எப்படிச் செய்வது?

ஆயா: (கொஞ்ச நேரம் பேச்சில்லை) நாளைக்கு ஃபாதரிடம் கேட்கலாம். இன்றைக்கு உனக்கு அண்டா தேய்க்கிற வேலை. அதற்கு எந்தக் கையானாலும் கேள்வி கிடையாது.

(எட்டு மணிக்குள் ஒருவர் பின் ஒருவராக இருபத்துமூன்று பேர் வந்தார்கள். உடனே குழு பிரித்தார்கள். வெங்காயக் குழு, சுவைக் குழு, வரவேற்புக் குழு, ஊடகக் குழு. ஊடகக் குழுவில் ஒன்பது பேர், வெங்காயக் குழுவில் இரண்டு பேர். அந்த இருவரும் அழுததை ஊடகக் குழு படம் பிடித்து, 'ஏழைகளுக்காகக் கண்ணீர்' என்று ஸ்டேட்டஸில் போட்டது. பத்து மணிக்குச் சாம்பார் சாதம் இறங்கியது.)

தம்பி: ஆயா, கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்களேன். எனக்குக் காதில் 'கொய்ங்' என்கிறது.

ஆயா: (ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி) மாதாவே! கடல்தண்ணீரில் வடித்தாயா? உப்புப் போட்டது யார்?

தம்பி: சுவைக் குழு.

ஆயா: அவர்கள் மட்டுமா?

தம்பி: அவர்கள் மறந்திருப்பார்களோ என்று நானும் ஒரு கை போட்டேன்.

ஆயா: இடது கையா?

தம்பி: ஆமாம் ஆயா.

ஆயா: ம்... இளசுகள் எங்கே உப்பை நினைக்கப் போகிறது என்று முதலிலேயே நானும் போட்டுவிட்டேன். இதை வெளியே சொன்னாயோ, கொன்றுவிடுவேன்.

தம்பி: அம்மாவுக்குப் போன் போட்டேன். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளுமாம்.

ஆயா: உன் வீட்டுக் குக்கருக்கே அது போதாது. இந்த அண்டாவுக்கு லாரியைத்தான் வரச்சொல்லணும். ஒரே வழி, உப்பில்லாமல் இன்னும் ஆறு கிலோ அரிசியும் இரண்டு கிலோ பருப்பும் வேகவைத்து இதில் கொட்டிக் கிளறணும். அரிசி இருக்கிறதா?

தம்பி: எல்லாப் பணமும் டீஷர்ட்டுக்குப் போய்விட்டது ஆயா.

ஆயா: சபை அறையில் மூட்டை இருக்கும். போய்ச் சாவி கேள்.

தம்பி: அந்தத் தாத்தாக்களிடமா?

ஆயா: ஆமாம். டீ நேரம் பார்த்துப் போ.

(மதியம் இரண்டரை. எல்லாம் முடிந்துவிட்டது. ஆயா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார். தம்பியின் மேல்பாதி அண்டாவுக்குள் இருக்கிறது. அதனால் அவன் பேசுவதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.)

தம்பி: தாத்தா சாவியைக் கொடுத்தார் ஆயா. ஒரு கேள்வி கேட்கவில்லை. மூட்டையையும் அவரே தூக்கி வந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஆயா: எத்தனை பேர் சாப்பிட்டார்கள்?

தம்பி: இருநூறு பாக்குமட்டைத் தட்டும் தீர்ந்து, அப்புறம் வந்தவர்கள் டிபன் பாக்ஸில் வாங்கிப் போனார்கள். மழையில் கூலி வேலைக்குப் போகாதவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். நூற்றைம்பதோடு நின்றிருந்தால் மானம் போயிருக்கும். ஏசு அப்பத்தைப் பலுகச் செய்து கூட்டத்துக்கே பசியாற்றிய புதுமைதான் ஆயா!

ஆயா: புதுமை இல்லை, உப்பு. அந்தப் புதுமையில் மிச்சம் எத்தனை கூடை?

தம்பி: பன்னிரண்டு.

ஆயா: சீடர்கள் எத்தனை பேர்?

தம்பி: பன்னிரண்டு.

ஆயா: ஆளுக்கு ஒரு கூடை பொறுக்கியிருக்கிறார்கள், பார்த்தாயா? ஒருத்தரும் டியூஷன் இருக்கிறது என்று கிளம்பவில்லை. உன் இருபத்துமூன்று பேர் எங்கே?

தம்பி: ஊடகக் குழுவுக்கு சார்ஜ் தீர்ந்துவிட்டது. வரவேற்புக் குழு... வரவேற்று முடித்துவிட்டது.

ஆயா: அந்த வரவேற்பு உரை இருபது நிமிடம் போனதே. ஆவி பறக்கிற சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு யாராவது இளைஞரின் சமூகப் பொறுப்பைப் பற்றிப் பேசுவார்களா?

தம்பி: வரிசையில் ஒரு பெரியவர் 'ஆமென்' என்று கத்தினார். எல்லோரும் 'ஆமென்' சொல்லிவிட்டார்கள். உரை முடிந்துபோனது.

ஆயா: நான்தான் சொல்லச் சொன்னேன்.

தம்பி: ஒன்று கேட்கட்டுமா ஆயா? சும்மா கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு அம்மா, 'தொட்டுக்க என்ன தம்பி?' என்றார். இன்னொருவர் சர்க்கரை இருக்கிறது, சாதத்தைக் குறைத்துக் காயைத் தள்ளிப் போடு என்கிறார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆயா: ஏன், ஏழைக்குச் சர்க்கரை வராதா? நேற்று உன் வீட்டில் அப்பளம் இல்லை என்று நீ தட்டைத் தள்ளியது தெரு முழுக்கத் தெரியும். மூன்று ரூபாய்க்கு அம்மா உணவகத்தில் தயிர் சாதம் வாங்குகிறவன்கூட ஊறுகாய் கேட்பான். அடுத்த மாதம் அப்பளம் பொரித்துவிடலாம். அடியை நன்றாகச் சுரண்டு, அங்கேதான் பிடித்திருக்கும்.

தம்பி: (தலையை வெளியே எடுத்து) ஐயையோ, குரூப் போட்டோ! சாயங்காலப் பூசை முடிந்ததும் ஃபாதர் பேனருக்கு முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறார். வாசலில் பேனரைக் காணவில்லையே?

ஆயா: பதினொரு மணிக்கு மழை கொட்டியதே, அண்டாவை எதால் மூடினேன் என்று நினைத்தாய்?

தம்பி: எங்கள் முகத்தாலா?

ஆயா: கெட்டித் துணி நைனா. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நல்ல இடமாகப் பார்த்துத்தான் அடித்திருக்கிறீர்கள்.

தம்பி: இப்போது எங்கே இருக்கிறது?

ஆயா: பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு கிழவி படுத்திருப்பாளே, அவள் கேட்டாள். கொடுத்துவிட்டேன். நாலு குச்சி நட்டுக் கூரை போட்டுவிட்டாள்.

தம்பி: (முகம் மலர்ந்து) அட! அப்போ ரோட்டில் போகிறவர்களெல்லாம் பார்க்கலாம்!

ஆயா: எங்கே பார்ப்பது? வெள்ளைப் பக்கம் மேலே இருக்கிறது. முகமெல்லாம் உள்பக்கம். அவள் படுத்து அண்ணாந்தால் இருபத்தேழு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கண்ணை மூடினால் பயமாக இருக்கிறதாம்.

தம்பி: ஒழுகாமலாவது இருக்கிறதா?

ஆயா: இருக்கிறது. ஓரத்தில் ஒரு பையன் மூக்கு மட்டும் ஒழுகுகிறதாம்.

தம்பி: (கையைத் துடைத்துக்கொண்டு எழுகிறான்) செலோடேப் எங்கே இருக்கும் ஆயா?

ஆயா: சபை அறையில். முதலில் அண்டாவை முடி.