முதல் வேலையை யார் கையில் கொடுக்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்து என்று பேச்செடுத்தால் உடனே வந்து விழும் பெயர் ஆன்சன் டோரன்ஸ். நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1979இலிருந்து 2024 வரை நடத்தியவர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் பெரிய அமைப்பான என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டி 1982இல் தொடங்கியது. அதிலிருந்து 1997 வரை நடந்த 16 போட்டிகளில் 14இல் கோப்பை அவர் அணிக்குத்தான். அந்தச் சாதனையில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் அடுத்த வருடமே இறுதி ஆட்டத்தில் அந்த அணியைத் தோற்கடித்த ஒரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றி நம்மவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அவர் பெயர் பெக்கி பர்லி. புளோரிடா பல்கலைக்கழகத்தில் பெண்கள் கால்பந்து அணியே 1995இல்தான் களம் இறங்கியது. பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில் ஊரில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான். அங்கே ஒன்றுமில்லாத இடத்தில் பர்லி ஓர் அணியைக் கட்டினார், நான்காவது சீசனிலேயே தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு வந்தார். அந்த சீசன் முழுக்க அவர்கள் தோற்றது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் நார்த் கரோலினாவிடம். இறுதி ஆட்டத்திலும் அதே எதிரி. நடந்த இடம் கிரீன்ஸ்பரோ, அதாவது எதிரியின் சொந்த மாநிலம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் டேனியல் ஃபோட்டோபௌலோஸ் ஒரு ஃப்ரீ கிக்கை கோலாக்கினார். மிச்ச நேரம் முழுக்க, தோற்றுப் பழக்கமில்லாத ஓர் அணியின் தாக்குதலைப் புளோரிடா தாங்கி நின்றது. 1-0. என்சிஏஏவின் உச்சப் பிரிவான முதல் டிவிஷன் பெண்கள் கால்பந்துக் கோப்பையை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் பர்லிதான்.

பெண்கள் விளையாடும் போட்டி. அதில் ஒரு பெண் பயிற்சியாளர் கோப்பை வாங்க 17 ஆண்டு ஆகியிருக்கிறது. சரி, அதற்குப் பிறகாவது வேகமெடுத்ததா? அடுத்தவர் 2013இல் கலிஃபோர்னியாவில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் அமாண்டா க்ராம்வெல். அப்புறம் 2015இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எரிகா டாம்பாக், 2022இல் யுசிஎல்ஏவின் மார்கரீட் அவோசாசா. 1982 முதல் 2024 வரை 43 கோப்பைகள், அதில் பெண் பயிற்சியாளர்கள் வாங்கியவை 4.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "திறமை இருந்தால் தானாக வந்திருப்பார்களே" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பழைய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் என்ற சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான் பயிற்சியாளர்கள். பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியைகள். மற்ற வேலைகளுக்கு நடுவே சொற்பச் சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ அணியைப் பார்த்துக்கொண்டவர்கள். சட்டம் வந்தது, பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்தது, அந்த நாற்காலிக்கு நல்ல சம்பளமும் வந்தது. வந்ததும் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரிப் பெண்கள் அணிகளில் பாதிக்கும் குறைவாகத்தான் பெண் தலைமைப் பயிற்சியாளர்கள். விளையாடும் பெண்களுக்குக் கதவைத் திறந்த சட்டம் அது, அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. ஆனால் பயிற்சி தரும் பெண்களை வெளியே தள்ளியதும் அதே காலகட்டம்தான். இதை மழுப்பக் கூடாது.

பர்லியின் பாதையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1998 கோப்பை கூட இல்லை, புளோரிடாவுக்கு வருவதற்கு முந்தைய வருடங்கள். கல்லூரி முடித்த கையோடு, ஜார்ஜியா மாநிலத்தில் பெர்ரி கல்லூரி என்ற சின்னக் கல்லூரி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. உதவிப் பயிற்சியாளராகப் பத்து வருடம் யார் பின்னாலும் நிற்கவில்லை. அந்தச் சின்னக் கல்லூரிக்கு 1990இலும் 1993இலும் என்ஏஐஏ தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். என்ஏஐஏ என்பது பெரும்பாலும் சிறிய கல்லூரிகளின் அமைப்பு. புளோரிடா அவரை அழைத்தபோது அவர் இன்னும் இருபதுகளில்தான் இருந்தார். ஆனால் கையில் இரண்டு கோப்பை இருந்தது. யாரோ ஒருவர் முதல் வேலையைத் துணிந்து கொடுத்ததால் வந்தது அது.

அந்த வேலை என்னவென்று நம்மூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைதானத்தில் விசில் ஊதுவது அதில் சிறு பகுதி. பள்ளியில் படிக்கும் பெண்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, பெற்றோரிடம் பேசி, அணிக்குக் கொண்டுவர வேண்டும். சமீபத்தில் விதி மாறும் வரை ஓர் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்தான். அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்குப் பாதி, யாருக்குக் கால், யாருக்கு ஒன்றுமில்லை என்று முடிவெடுப்பதும் பயிற்சியாளர்தான். முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு வருடம் உட்காரும் பெண்ணுக்கு ஆறுதல் சொல்வதும், படிப்பில் சறுக்குபவளைக் கூப்பிட்டுப் பேசுவதும் அவர் பொறுப்பு. நான்கு வருடத்தில் அணி மொத்தமும் மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து.

இதை பர்லி புளோரிடாவில் 26 சீசன் செய்தார். தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் எஸ்இசி லீக் பட்டம் 14 முறை. மொத்த வெற்றிகள் 500க்கும் மேல். 1998 அணியில் முதலாம் ஆண்டு மாணவியாக இருந்த ஆபி வாம்பாக் பின்னாளில் அமெரிக்காவுக்காக 184 கோல் அடித்தார். பர்லி 2021இல் ஓய்வு பெற்றார். சில மாதங்களில் ஆர்லாண்டோ பிரைட் தொழில்முறை அணி தற்காலிகப் பயிற்சியாளராக அவரை அழைத்துக்கொண்டது.

பெண்களுக்கு வாய்ப்புக் கொடுத்தால் ஜெயிக்கவும் வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு 2022ஐச் சொல்வேன். அவோசாசா தலைமைப் பயிற்சியாளரான முதல் வருடம். எதிரில் அதே டோரன்ஸ். யுசிஎல்ஏ 0-2 பின்தங்கியிருந்து, 16 விநாடி மிச்சமிருக்கும்போது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது. கோப்பைதான் அளவுகோல் என்பதையும் நான் ஏற்கவில்லை. யுசிஎல்ஏவில் ஜில் எல்லிஸ் 12 சீசன் இருந்தார், கல்லூரிக் கோப்பை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதே எல்லிஸ்தான் 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை அமெரிக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். யுசிஎல்ஏ பொறுமையாக அவரை வைத்திருந்தது.

பர்லிக்குப் பின் புளோரிடா அமர்த்திய ஆண் பயிற்சியாளர், வீராங்கனைகளின் அதிருப்திக்கு நடுவே ஒரே வருடத்தில் நீக்கப்பட்டார். அடுத்து அவர்கள் போய் அழைத்தது சமந்தா போஹனை. டேடோனா பீச்சில் எம்ப்ரி-ரிடில் என்ற, கால்பந்துக்குப் பெயர் பெறாத பல்கலைக்கழகத்தில் அணி நடத்திக்கொண்டிருந்தவர். பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைத் தலைவர்கள் ஆள் தேடும்போது இப்படிப்பட்ட இடங்களுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். சின்னக் கல்லூரிகள் பெர்ரி செய்ததைச் செய்ய வேண்டும்: விளையாடி முடித்து வெளியே வரும் பெண்ணை உதவியாளராக்கிக் காத்திருக்க வைக்காமல், அணியையே கையில் கொடுக்க வேண்டும்.