மணிக்கு ஒரு பஞ்ச்

போன வாரம் பாண்டி கடற்கரையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது டேச்சிங் ஷியே பற்றிப் பேச்சு வந்தது. 1980 ஏப்ரலிலிருந்து 1981 ஏப்ரல் வரை, நியூயார்க்கில் தன் இடத்தில் டைம் கிளாக் ஒன்றை, அதாவது ஆலைகளில் தொழிலாளி வந்து போகும் நேரத்தைக் கார்டில் பதியும் கடிகாரத்தை, மாட்டிவைத்து, ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை கார்டை பஞ்ச் செய்த கலைஞர். ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பிரேம் படம். தொழிலாளி சீருடை. ஆரம்பத்தில் மொட்டைத் தலை, முடியும்போது தோளைத் தொடும் முடி. அந்தப் பிரேம்களைச் சேர்த்துப் படமாக ஓட்டினால் முழு வருஷமும் ஆறு நிமிஷத்தில் ஓடிவிடுகிறது.

"வேலை வெட்டி இல்லாதவன் செய்றதெல்லாம் கலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவர் தைவானிலிருந்து கப்பலில் வேலைக்கு வந்து, 1974-இல் அமெரிக்காவில் இறங்கித் தங்கிவிட்டவர். பதினான்கு வருஷம் அங்கே தங்குவதற்கான எந்தப் பத்திரமும் இல்லாமல் இருந்தார். பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். வேலை என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமக்கும்தான். மில் சங்கு கேட்டுக் கண்விழித்த ஊர் இது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் சுடப்பட்டுச் செத்த 12 தொழிலாளர்கள், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்கள். ஒரு மனிதனின் நாளில் முதலாளிக்கு எத்தனை மணி, அவனுக்கு எத்தனை மணி என்பதுதான் அவர்கள் கேள்வி. ஷியே அதே கடிகாரத்தின் முன்னால் நிற்கிறார், ஆனால் கூலி இல்லை, நூலும் இல்லை துணியும் இல்லை. இப்போது கழிந்த அந்த மணி நேரம் யாருடையது? இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் படித்துவிட்டு மறந்திருப்பேன். அவர் முடி வளர்வதைப் பார்த்த பிறகு மறக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது, அந்த உடம்புக்குச் சாட்சியாக ஒரு கேமரா வேண்டியிருந்தது. நடிப்பு எது, புகைப்படம் எது, தத்துவம் எது என்று அதில் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அப்பா இருபத்தாறு வருஷம் மில்லில் ஷிப்ட் பார்த்தவர். தாமதமாகப் போனால் கார்டில் சிவப்பு மையில் விழும், கூலியில் பிடிப்பார்கள். அம்மா இது கலையா என்றெல்லாம் கேட்கவில்லை.

"இவர் எப்பப்பா தூங்குவாரு? யாரு எழுப்பிவிடுவா?"

கைக்கடிகார அலாரத்தை ஒலிபெருக்கியில் இணைத்துவைத்திருந்தார் என்றேன்.

"உங்கப்பாவுக்கு நான்தான்."

அந்த இருபத்தாறு வருஷ விடியற்காலைகள் எந்தக் கார்டிலும் இல்லை. அப்பா பெயருக்கு நேராகக்கூட இல்லை. இவ்வளவு நாள் எனக்கும் தோன்றியதில்லை.

மொத்தம் 8,760 பஞ்சில் அவர் 133 தவறவிட்டார், அதில் 94 தூக்கத்தில் போனது என்று சொன்னேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கட்டும், பாவம்" என்றார்.