சிம் கார்டு கேட்டால் ஜாதகமே கேட்கிறார்கள்

ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்க ஆதார் எண், கைரேகை, கண்ணைச் சிமிட்டிக் காட்டி ஒரு நேரடி போட்டோ, இன்னொரு எண்ணுக்கு ஓடிபி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். சரி, பாதுகாப்புக்குத்தானே என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தால், எவனோ ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க பார்சல்ல போதைப்பொருள் இருக்கு" என்று மிரட்டுகிறான்.

அவன் பேசுகிற சிம் மட்டும் யார் பெயரில் இருக்கும்? நிச்சயமாக அவன் பெயரில் இருக்காது. "ரேகை சரியா விழல பாட்டி, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, ஒரு சிம்முக்கு வந்தவரின் பெயரில் இரண்டாவதையும் ஆக்டிவேட் செய்து விற்ற கடைக்காரர்கள் கைதான செய்தி எத்தனை படித்திருப்போம்! விசாரணை என்று வந்தால் போலீஸ் முதலில் போய் நிற்பது அந்தப் பாட்டி வீட்டு வாசலில்தான்.

2017-இல் ஆதாரை இணைக்காவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தியாக அனுப்பி உயிரை வாங்கினார்கள். கேட்டால் உச்ச நீதிமன்ற உத்தரவாம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்த நீதிமன்றமே, நாங்கள் அப்படி உத்தரவு போடவில்லையே என்றது. செப்டம்பரில் அந்தக் கட்டாயத்தை ரத்தும் செய்தது. அதற்குள் கோடிக்கணக்கான பேர் விரலை வைத்துவிட்டு வந்தாயிற்று. இந்த அமளியில் ஒரு நிறுவனம், சிம்முக்காக வாங்கிய விவரத்தை வைத்தே வாடிக்கையாளருக்குத் தெரியாமல் வங்கிக் கணக்கும் திறந்து, கேஸ் மானியம் அங்கே போய் விழுந்த கூத்தும் நடந்தது.

மெக்சிகோவும் 2009-இல் இப்படித்தான் எல்லா எண்களையும் பதிவு செய்யக் கிளம்பியது. திரட்டிய விவரங்கள் கள்ளச் சந்தையில் விலைக்கு வந்தன. சில ஆண்டுகளில் திட்டத்தையே கைவிட்டார்கள். நாமோ 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் பயோமெட்ரிக்கை எழுதியே வைத்துவிட்டோம். ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். மிரட்டுகிறவன் இதைப் படித்துவிட்டு நடுங்கிக்கொண்டா இருக்கிறான்?

பெயர் தெரியாத எண் திருடனுக்கு மட்டும்தான் வேண்டும் என்று யார் சொன்னது? அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவளுக்கு வேண்டும். ஆபீஸில் நடக்கிற திருட்டை நிருபரிடம் சொல்ல நினைப்பவருக்கு வேண்டும். ரீசார்ஜ் கடையில் எண்ணைச் சொல்லிவிட்டு வந்த அன்றே ராங் கால் தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்கு வேண்டும். அவர்களெல்லாம் எங்கே போவார்கள்?

இதற்கெல்லாம் அரசு தரும் வைத்தியம், சஞ்சார் சாத்தி என்கிற இணையதளம். உன் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்று நீயே அதில் போய்ப் பார்த்துக்கொள் என்கிறார்கள். என் பெயரில் எவனுக்கோ சிம் கொடுத்தது அவர்கள், காவல் காக்க வேண்டியது நான். அதைப் பார்க்கவும் முதலில் ஒரு ஓடிபி!