வாலடியில் உறுப்பு பிதுங்குவது ஆண் உடும்பு என்பதற்கு அடையாளம் இல்லை

உடும்பு மலம் கழிக்கும்போது வாலடியில் இரண்டு சிவந்த சதைக் குழல்கள் வெளியே வந்தால் கண்டிப்பாக ஆண்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. பெண் உடும்புக்கும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு ஜோடி உறுப்பு உண்டு, அதுவும் வெளியே பிதுங்கும். பெரும்பாலும் கொஞ்சம் சிறியதாக இருக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று இல்லையென்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இதை நம்பித்தான் என் சவன்னா உடும்பை (ஆப்பிரிக்க உடும்பு இனம்) மூன்று வருடம் 'ராஜா' என்று கூப்பிட்டேன். ஒருநாள் இரையைத் தொடாமல் கூண்டின் மூலையையே விடாமல் பிறாண்டிக்கொண்டிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. ஸ்கேன் எடுத்தால் உள்ளே வரிசையாக முட்டைகள்! தோண்டி முட்டையிட ஆழமான ஈர மண் கிடைக்காமல் அவை உள்ளேயே தங்கிவிட்டால் உயிரே போய்விடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தலை அகலம், வாலடித் தடிப்பு பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதெல்லாம் ஊகம்தான். வாலடித் துளையில் மெல்லிய கம்பி விட்டு ஆழம் பார்ப்பது பாம்புகளுக்குச் சரி, உடும்பில் நம்ப முடியாது. வாலடியை அழுத்திப் பிதுக்கவே பிதுக்காதீர்கள், காயமாகிவிடும்.

ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். அப்புறம், பல இனங்களில் வளர்ந்த ஆணின் அந்த இனப்பெருக்க உறுப்பில் எலும்பு போன்ற கடினப் பகுதி எக்ஸ்ரேயில் தெரியும். தெரியவில்லை என்பதற்காக மட்டும் பெண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.