மாத்திரையை யார் எண்ணுகிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (உடம்போடு உடம்பு மோதும் அமெரிக்க ஆட்டம்) ஆடும் பையன்கள் வலி மாத்திரைக்கு அடிமையாகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே 'சகவாசம் சரியில்லை, ஒழுக்கம் இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். கோபம்தான் வருகிறது. பல பையன்களுக்கு இது தொடங்குவது முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற பாட்டிலில்.

அந்த லேபிளைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகோடோன் (அபினைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலி மருந்து) 5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, வலி இருந்தால். 40 மாத்திரை என்றால் பத்து நாளுக்கு வரும். ஃபுட்பால் ஆடுகிறவனுக்கு வலி இல்லாத நாள் ஏது? முட்டிக்கு எழுதியது தோளுக்கும் முதுகுக்கும் தூக்கம் வராத ராத்திரிக்கும் போகும். உடம்பு பழகிவிட்டால் ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு கேட்கும். நிறுத்திய 8 முதல் 12 மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், கை கால் குடையும், வயிறு கலக்கும்; இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். ஃப்ளூ என்றுதான் பையன் நினைப்பான். ஒரு மாத்திரை போட்டால் எல்லாம் அடங்கும். அங்கேதான் சிக்குகிறான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு போடும் நிலைக்கு வந்துவிட்டால் பாராசிட்டமால் மட்டுமே 3,900 மில்லிகிராம். கல்லீரலுக்கு எல்லை 4,000.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஓபியாய்டு ஒரு நாளாவது எடுத்த நோயாளிகளில் 6 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நாளோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் 13.5 சதவீதம். திடீர் வலிக்குப் பெரும்பாலும் மூன்று நாள் போதும் என்று அதே மையம் 2016-லேயே சொல்லிவிட்டது.

ஒக்லஹோமா பல்கலைக்கழக அணியின் லைன்பேக்கர் (தடுப்பாட்ட வீரர்) ஆஸ்டின் பாக்ஸ் 2011 மே மாதம் 22 வயதில் இறந்தார். அவர் உடலில் இருந்தவை ஐந்து வகை ஓபியாய்டு வலி நிவாரணிகள், கூடவே பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரஸோலாம். இந்த இரண்டு வகையும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஆட்டத்துக்கு முன் போடும் டோரடால் என்ற வலி ஊசி வேறு கதை. இது ஓபியாய்டு இல்லை. அது அடிமையாக்காது. ஆனால் வலியை மறைத்து ஆடலாம் என்று பையனுக்குப் பழக்கிவிடுகிறது. டோரடால் ஊசியும் டோரடால் மாத்திரையும் சேர்த்து ஐந்து நாளைத் தாண்டக் கூடாது. இபுப்ரோஃபெனோடு சேர்க்கவே கூடாது. வெயிலில் பயிற்சி செய்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம்தான் முதலில் அடிவாங்கும்.

போதைப் பரிசோதனையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் சீட்டு கையில் இருப்பவனிடம் பரிசோதனை என்னத்தைக் கண்டுபிடிக்கும்? 2014 அக்டோபரில் அமெரிக்காவில் ஹைட்ரோகோடோனுக்கு ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) கிடையாது என்று விதி வந்தது. நல்ல விதிதான், ஆனால் ஏற்கெனவே பழகிவிட்டவன் அறைத் தோழனின் மிச்ச மாத்திரையைத் தேடிப் போவான், அதுவும் தீர்ந்தால் தெருவுக்கு. தெருவில் விற்கும் நீல நிற 'எம்30' என்ற போலி வலி மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு. 2 மில்லிகிராமே ஆளைக் கொல்லலாம்.

மாத்திரை எண்ணிக்கை ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட முடியுமா? இபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 1,000 சேர்த்துக் கொடுத்தால் போதுமா? கை கால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் 2017-ல் நடத்திய ஆய்வில், இரண்டு மணி நேரத்தில் இந்தக் கூட்டு ஓபியாய்டுக் கலவைகளுக்கு நிகராகவே வலியைக் குறைத்தது. சிறுநீரகமோ வயிறோ சரியில்லாதவர்களுக்கு இது ஆகாது. ஓபியாய்டு வேண்டியே தீரும் என்றால் பன்னிரண்டு மாத்திரை, மூன்று நாள். பாட்டில் பையனின் அறையில் இருக்கக் கூடாது. பொறுப்பான ஒரு பெரியவர் வைத்துக்கொண்டு, கொடுத்த நேரத்தையும் மிச்ச எண்ணிக்கையையும் தாளில் எழுத வேண்டும். மிஞ்சியது அன்றைக்கே, வேண்டாத மருந்தைப் போடும் மருந்துக்கடைப் பெட்டிக்குப் போகட்டும். டீம் டாக்டர், பல் டாக்டர் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

அணியில் காயங்களைப் பார்த்துக்கொள்ளும் டிரெய்னரின் வேலை கோச் கையில் இருக்கும்வரை இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். பையனைக் கல்லூரியில் சேர்க்கும் முன்பே பெற்றோர் நேராகக் கேட்க வேண்டும்: டிரெய்னரை நியமிப்பது யார், நீக்குவது யார்?

ஏற்கெனவே சிக்கியவனை 'இன்றோடு நிறுத்து' என்று மிரட்டாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கலாம், அல்லது அடிமைத்தனத்திலிருந்து மீள உதவும் புப்ரெனார்ஃபின் மருந்தைத் தொடங்கலாம். மாத்திரையை நிறுத்தியதும் வரும் அறிகுறிகள் தொடங்கிய பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும். முந்தினால் அவஸ்தை ஒரேயடியாக வெடிக்கும். சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவுக்கே திரும்புவதுதான் பெரிய ஆபத்து. தாங்கும் சக்தி அதற்குள் போயிருக்கும்.

ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் 4 மில்லிகிராம் மூக்கு ஸ்ப்ரேயைச் சீட்டில்லாமலே விற்க அமெரிக்காவில் 2023-ல் அனுமதி வந்தது. அறையில் ஒன்று இருக்கட்டும். உதடு நீலம் பாய்ந்து, மூச்சு இழுத்து இழுத்து வந்து, தட்டியும் எழவில்லை என்றால் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள், ஒரு நாசியில் அடியுங்கள். மூச்சு வராவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்ததை மறு நாசியில் அடியுங்கள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் தனியாக விடாதீர்கள். ஸ்ப்ரேயின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கும், உள்ளே போன மருந்து அதற்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும்.