உயிர்க்கரி போட்டால் கன உலோகம் அழிந்துவிடுமா?

"தோல் பதனிடும் ஆலைக் கழிவு படிந்த நிலத்தில் உயிர்க்கரியைக் கொட்டினால் குரோமியம், காரீயம் எல்லாம் அழிந்துவிடும், அடுத்த போகமே கீரை போடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

உலோகம் தனிமம், அதாவது வேறு பொருளாகச் சிதையாத அடிப்படைப் பொருள். கரி அதை அழிக்காது, கட்டிப்போடும். உயிர்க்கரி என்பது காற்று குறைந்த சூட்டில் கருக்கிய உமி, தேங்காய் ஓடு போன்றவை; அது பெரும்பாலும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். காரீயமும் காட்மியமும் கரியில் ஒட்டிக்கொள்ள, வேர் உறிஞ்சுவது குறையும். கொடிய நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றவும் உதவும். குரோமியக் கழிவால் மண் கெட்ட ராணிப்பேட்டை போன்ற ஊர்களுக்கு இதுவே பெரிய விஷயம்தான். ஆனால் உலோகம் மண்ணிலேயே கிடக்கும். பின்னாளில் மண் புளித்தால், அதாவது அமிலத்தன்மை கூடினால், மறுபடி கரையலாம். ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் நேர்மாறு: காரம் கூடினால் அது இளகி நீரில் கலக்கக்கூடும்.

மண்ணையும் விளைச்சலையும் ஆய்வகத்தில் சோதிக்காமல் அந்த நிலத்துக் கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.